தூந்திராவையும் பாலைவனத்தையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

தூந்திரா என்பது துருவத்தை ஒட்டியும் உயர்ந்த மலைகளிலும் இருக்கும் மரமில்லாத குளிர்நிலம். அதைப் பாலைவனத்தோடு ஒப்பிடும்போது "தூந்திரா குளிர், பாலைவனம் சூடு" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால், அப்புறம் எழுதுவதெல்லாம் அதன் பின்னாலேயே இழுபட்டுப் போகும். பாலைவனம் என்பது சூட்டை வைத்து வந்த பெயர் அல்ல, வறட்சியை வைத்து வந்தது. மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டாத இடம் என்பதுதான் பொதுவான அளவுகோல். கோபி பாலைவனத்தில் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். உலகிலேயே பெரிய பாலைவனம் சகாரா இல்லை, அண்டார்டிகா.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் செய்யும் தவறு வேறு. ஆர்க்டிக் தூந்திராவின் பெரும்பகுதியிலும் மழையும் பனியும் சேர்ந்து 150 முதல் 250 மில்லிமீட்டர்தான், ஆகவே இரண்டும் ஒரே அளவு வறண்டவை என்று முடித்துவிடுகிறார்கள். கோடையில் தூந்திராவில் நாலு அடி வைத்துப் பாருங்கள், கால் சதசதவென்று சேற்றில் இறங்கும், எங்கு பார்த்தாலும் குட்டை, தலையைச் சுற்றிக் கொசு மேகம். இதையா வறட்சி என்பது?

வானத்திலிருந்து எவ்வளவு வந்தது என்பது பாதிக் கணக்குதான். வந்த நீர் எங்கே போனது என்பது மீதிக் கணக்கு, அதைத்தான் பலரும் போடுவதே இல்லை. தூந்திராவில் கோடையில் இளகுவது மேல்மண் மட்டும், சில இடங்களில் ஒரு முழம்கூட இருக்காது. அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் கல்லாக உறைந்து கிடக்கிற மண், அதுதான் நிரந்தர உறைபனி. நீர் கீழே இறங்கவும் வழியில்லை, குளிரில் வேகமாக ஆவியாகவும் முடியாது, அப்படியே தேங்கி நிற்கிறது. சூடான பாலைவனத்தில் இதற்கு நேர் எதிர், காற்று உறிஞ்சிக்கொள்ளக்கூடிய நீர் பெய்யும் மழையைவிடப் பல மடங்கு அதிகம். அபூர்வமாகக் கொட்டித் தீர்க்கும் மழையும் இறுகிப்போன தரையில் ஊறாமல் வெள்ளமாக ஓடிவிடும்.

"இரண்டிலும் வெப்பநிலை ஏற்ற இறக்கம் அதிகம்" என்ற வரியும் அடிக்கடி கண்ணில் படும். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமே சொல்லாத வரி. பாலைவனத்தில் மேகமும் ஈரப்பதமும் இல்லாததால் பகலில் ஏறிய சூடு இரவில் அப்படியே வெளியேறிவிடுகிறது, பகலுக்கும் இரவுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் வரலாம். ஆர்க்டிக் தூந்திராவில் பெரிய வித்தியாசம் கோடைக்கும் குளிர்காலத்துக்கும்தான். அலாஸ்காவின் வட முனையில் உள்ள உட்கியாக்விக்கில் மே நடுவிலிருந்து ஆகஸ்டு தொடக்கம் வரை சூரியன் மறைவதே இல்லை, அங்கே போய் இரவு வெப்பநிலையைத் தேடி என்ன செய்ய?

மரம் இல்லாததற்கும் ஒரே காரணம் சொல்லாதீர்கள். பாலைவனத்தில் தடை தண்ணீர் இல்லாமை, நிலத்தடி நீர் எட்டினால் மரம் வந்துவிடும். தூந்திராவில் தண்ணீர் காலடியிலேயே கிடந்தும், மிகச் சூடான மாதத்தின் சராசரியே 10 டிகிரிக்குக் கீழே, வேர் இறங்க மண் ஆழமும் போதாது. ஆர்க்டிக் வில்லோ என்பது வில்லோ மர இனம்தான், ஆனால் தரையோடு தரையாகப் படர்ந்து பெரும்பாலும் சில சென்டிமீட்டரோடு நின்றுவிடும்.

மண்ணைப் பற்றி "இரண்டும் வளமற்றவை" என்று தாண்டிப் போவதும் உண்டு. பாலை மண்ணில் மக்கிய பொருள் குறைவு, உப்பு படிந்திருக்கும். தூந்திரா மண்ணில் செடிக்கு எட்டும் நைட்ரஜன் குறைவு, ஆனால் குளிரில் மக்காமல் போன தாவர மிச்சம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்து கிடக்கிறது. பாலைவனம் என்றதும் மணல்மேடு வரைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: சகாராவிலேயே மணல் ஏறக்குறைய கால்வாசிதான், மீதியில் பெரும்பாலும் பாறையும் சரளையும்.

நான் மேலே எழுதியது பெரும்பாலும் ஆர்க்டிக் தூந்திராவுக்கும் சூடான பாலைவனத்துக்கும்தான் பொருந்தும். உயர்மலைத் தூந்திராவில் பல இடங்களில் உறைபனி அடுக்கே கிடையாது, சரிவில் நீர் வடிந்துவிடும், இரவு பகல் வித்தியாசமும் அதிகம். அதனால் அட்டவணை போடும்போது எந்தத் தூந்திரா, எந்தப் பாலைவனம் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.