பழைய பைக் பார்க்கப் போனால் கிலோமீட்டரைக் கடைசியாகப் பாருங்கள்

பழைய பைக் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. "அந்த மாடலா? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள், நாமும் அதை நம்பிக் கிளம்பியிருப்போம். மாடலுக்கு நல்ல பேர் இருக்கட்டும். நாம் வாங்கப் போவது யாரோ ஒருவர் ஐந்தாறு வருஷம் தன் இஷ்டத்துக்கு ஓட்டிய ஒரு வண்டியை. நேரத்துக்கு ஆயில் மாற்றாவிட்டால் எப்பேர்ப்பட்ட இன்ஜினும் படுத்துவிடும். தொல்லை பிடித்த வண்டி என்று பேர் வாங்கிய மாடல்கூட, பார்த்துப் பார்த்து ஓட்டியவர் கையில் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்த தவறு, போனதும் குனிந்து மீட்டரைப் பார்ப்பது. ஒருதரம் அந்த எண் மனசில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் பார்க்கிற எல்லாவற்றையும் அதற்கு ஏற்றபடிதான் பார்ப்போம். மீட்டரைத் திருத்தலாம், புதிதாக மாற்றலாம், கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். ஆனால் ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கியர் லிவர் ரப்பர், கைப்பிடி, சீட் ஓரம் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்த யாரும் மெனக்கெடுவதில்லை. கியர் லிவரில் ஷூ உரசும் இடம் வழவழவென்று இருக்கிறதா பாருங்கள். பிரேக் டிஸ்க் சூடில்லாமல் இருக்கும்போது அதன் வெளி விளிம்பிலிருந்து நகத்தை உள்பக்கமாக இழுத்தால், தேய்ந்த டிஸ்க்கில் படி இறங்குவது போல நகம் சட்டென்று இறங்கும். எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் சுற்றும் பல்சக்கரத்தின்) நடுப்பின்புறத்தில் செயினை விரலால் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் தெரிகிற அளவுக்குச் செயின் எழும்பினால் அது தீர்ந்துவிட்டது, பற்களும் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் செட்டோடு மாற்ற வேண்டியதுதான்.

டயரும் பேசும். பக்கவாட்டில் இருக்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரம். வண்டி 2019 மாடல், மீட்டரில் 9,000 கிலோமீட்டர், ஆனால் இரண்டு டயரும் 2023-ல் தயாரானவை என்றால் முதல் ஜோடி எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும். நியாயமான பதிலும் இருக்கலாம். கேட்காமல் விடுவதுதான் தவறு.

இதையெல்லாம் பார்த்துவிட்டு மீட்டரைப் பாருங்கள்.

கிலோமீட்டர் நிஜமாகவே குறைவு என்றாலும் உடனே சந்தோஷப்பட வேண்டாம். மாசக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டிக்கு அதற்கென்றே சில வியாதிகள் உண்டு: பேட்டரி இறங்கும், ஆயில் சீலும் ரப்பர் குழாய்களும் காய்ந்து விரியும், கார்புரேட்டர் உள்ள வண்டியில் பெட்ரோல் வரும் சின்னத் துளையான ஜெட் அடைத்துக்கொள்ளும், டேங்க்குக்குள் துரு பிடிக்கும். மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அரை நிமிஷ வேலை. மொபைல் ஃபிளாஷ் என்றால் கொஞ்சம் தள்ளியே பிடியுங்கள், உள்ளே இருப்பது பெட்ரோல்.

என் பணம் போனது வேறு இடத்தில். நான் பார்க்கப் போனபோது வண்டி வாசலிலேயே ஸ்டாண்ட் போட்டு நின்றது, பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆனது, ஐடிலிங்கில் குண்டூசி போட்டால் கேட்கும் போல ஓடியது. "இப்போதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றார் விற்றவர். நானும் சரி சரி என்று தலையாட்டினேன். மறுநாள் காலை அதே வண்டி பதினைந்து நிமிஷம் என் உயிரை வாங்கிய பிறகுதான் கிளம்பியது, அதுவும் சோக்கை (choke) முழுசாக இழுத்துப் பிடித்து. அன்றிலிருந்து எந்த வண்டியைப் பார்க்கப் போனாலும் முதல் வேலை இன்ஜின் பக்கத்தில் கையை மெதுவாகக் கொண்டுபோவது. வெதுவெதுப்பாக இருந்தால் ஆறும்வரை உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பேன், இல்லை இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுவேன். முந்தைய நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்தும், போனபோது வண்டி சூடாக இருந்தால், அதுவே ஒரு பதில்.

ஆறிய இன்ஜினைக் கிளப்பும்போதுதான் புகையும் சத்தமும் உண்மை பேசும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் பண்ணியதும் மட்டும் வந்து மறைந்தால் வால்வு சீல் மேல் சந்தேகப்படலாம், முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங் வரை செலவு போகலாம். கரும்புகை பெட்ரோல் அதிகம் போவதைக் காட்டும். குளிர்ந்த காலையில் லேசான வெள்ளைப் புகை வெறும் ஈரம்தான். கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ள வண்டியில் இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் அது வேறு கதை, அந்தத் திரவம் இன்ஜினுக்குள் கசிந்துகொண்டிருக்கலாம். ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஓடிய ஆயில் கறுக்கத்தான் செய்யும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் உள்ளே தண்ணீர் சேர்ந்திருக்கிறது.

பளபளப்பைப் பார்த்து மயங்குவதும் இந்த வகைதான். நன்றாகக் கழுவி பாலிஷ் போட்ட இன்ஜினில் ஆயில் கசிவு தெரியாது. தூசி படிந்த வண்டி எவ்வளவோ மேல், கசிகிற இடத்தில் மட்டும் தூசி அப்பிக் கறுத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக்) குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது.

விழுந்த வண்டியா என்று பார்க்க டேங்க்கைத் தடவிக்கொண்டிருக்க வேண்டாம், அதைப் பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருப்பார்கள். லிவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, ஹேண்டில்பார் முனை இவற்றில் உரசல் இருந்தால் பெரும்பாலும் சின்ன விழுகைதான், பெரிதுபடுத்த வேண்டாம். ஹேண்டிலை முழுசாகத் திருப்பினால் சேஸிஸில் (வண்டியின் சட்டகத்தில்) போய் முட்டும் இடம் நசுங்கியிருந்தாலோ, அந்தக் கழுத்துப் பகுதியில் பெயின்ட் வெடித்தோ புது வெல்டிங்கோ இருந்தாலோ, விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்க மாட்டேன். முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள், நேராக வரும் இடத்தில் ஏதோ பள்ளத்தில் விழுந்தது போல நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்) போய்விட்டது.

ஓட்டிப் பார்ப்பது என்று சொல்லிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்புகிறோம், அதில் ஒன்றுமே தெரியாது. இருபது நிமிஷமாவது வேண்டும். டாப் கியரில் நிதானமாகப் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று கொடுத்தால், இன்ஜின் இரைந்தும் வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாம் கியரில் நன்றாக இழுக்கும்போது நியூட்ரலுக்குத் தாவினால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டிவரும், பேசாமல் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டி வந்ததும் அணைத்து, இரண்டு நிமிஷம் விட்டு, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள். சில வண்டிகள் சூடாக இருக்கும்போதுதான் மக்கர் பண்ணும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு), இன்ஜின் விளக்குகள் சாவி போட்டதும் எரிய வேண்டும், ஏபிஎஸ் விளக்கு சற்று உருண்டதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அந்த விளக்கின் வாயை அடைத்திருக்கலாம்.

"ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்பது வீண், ஒரே பதில்தான் வரும். செயின் செட் கடைசியாக எப்போது மாற்றினீர்கள், பிரேக் ஆயில் எப்போது, என்ன ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேளுங்கள். கவனித்து ஓட்டியவருக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும், பில்லும் எங்காவது கிடக்கும். "எல்லாம் மெக்கானிக் பார்த்துப்பார்" என்றால் அந்த மெக்கானிக்கிடம்தான் பேச வேண்டும்.

சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் பேப்பரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று வண்டியில் குனிந்து பார்த்தே படியுங்கள், அவர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து இல்லை. இரண்டாவது சாவியையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜினைக் கிளம்பவிடாத பூட்டு) உள்ள வண்டியில் இருக்கும் ஒரே சாவியும் தொலைந்தால் ஆகும் செலவு, பேரம் பேசிக் குறைத்ததையெல்லாம் விழுங்கிவிடும்.