ஆணி அடிக்காமல் வாடகை வீட்டை அழகாக்க: மட்டக்களப்பு, அம்பாறைச் சுவர்களுக்கு ஏற்ற வழிகள்

வீட்டுக்காரர் ஆணி அடிக்க வேண்டாம் என்றதும் பலரும் முதலில் வாங்குவது ஒட்டும் கொக்கியும் டபுள் டேப்பும்தான். எங்கள் பக்கத்து வீடுகளில் கூடுதலாகச் சேதம் செய்வதும் அவைதான். ஆணி ஒரு சிறு துளையோடு நின்றுவிடும். டேப்போ உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்டை உரித்துக்கொண்டு வரும். அதை மறைக்க முழுச் சுவருக்கும் பெயின்ட் அடிக்க வேண்டிவரும், முற்பணத்தில் கழிவும் விழும். அதனால் சாமான் வாங்கமுன் சுவரைப் பாருங்கள்.

ஈரத்துணியால் சுவரை அழுத்தித் தேயுங்கள். துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அது சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர். அதில் ஒட்டும் பசை பொடியைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. பொடி வராவிட்டால் எமல்ஷனாக இருக்கலாம். அப்போதும் கதவுக்குப் பின்னால் 2 அங்குல மாஸ்கிங் டேப் துண்டொன்றை ஒட்டி, ஒரு நாள் கழித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கூட வந்தால் அந்த வீட்டில் ஒட்டுகிற எண்ணத்தை விட்டுவிடலாம். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை உப்புப் பூத்திருந்தால் அந்தப் பகுதியில் எதுவும் நிற்காது. வாவிக்கரை வீடுகளில் இது சாதாரணம்.

சுவர் சோதனையில் தேறினால் ஒட்டலாம். சவர்க்காரத் தண்ணீரால் துடைக்க வேண்டாம், அது படலம் விடும். பார்மசியில் வாங்கும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலைத் துணியில் நனைத்து, மறைவான மூலையில் நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் ஒட்டி, 30 செக்கன் அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணித்தியாலம் போனபிறகே பாரத்தைக் கொழுவுங்கள். கொக்கி வந்த பொதியில் 2 கிலோ என்றிருந்தால் 1 கிலோவோடு நிறுத்துவது நல்லது. மார்கழி மழையில் சுவர் வியர்க்கும்போது பசையின் பிடி தளரும். புதிதாகப் பெயின்ட் அடித்த சுவர் என்றால் குறைந்தது ஒரு கிழமை பொறுக்க வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட. கொக்கி பிளாஸ்டிக்கில் அல்லது துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். மினுங்குகிற மலிவுக் கொக்கி கடற்காற்றில் துருப்பிடித்துச் சுவரில் மஞ்சள் கோடு இழுக்கும். அந்தக் கறையைக் கழுவி எடுப்பது கஷ்டம்.

உண்மையில் ஒரு வீட்டின் முகத்தை மாற்றுவது படங்கள் அல்ல, யன்னல் துணி. அதற்குச் சுவரில் ஒட்டவே தேவையில்லை. யன்னல் குழிவின் இரு பக்கச் சுவருக்கும் இடையில் ஸ்பிரிங் தடியொன்றை இறுக்கி நிறுத்தலாம். தடி பூட்டும் உயரத்திலேயே அகலத்தை அளவுங்கள். பூச்சு நேராக இருக்காது, கீழே எடுத்த அளவு மேலே பொருந்தாது. இடைவெளியைவிட ஓர் அங்குலம் நீளமாகத் தடியை வைத்து, அமுக்கி உள்ளே விடுங்கள். கறுப்பு றப்பர் முனை வெள்ளைச் சுவரில் கறை விடும், ஆகவே இடையில் வெள்ளைப் பருத்தித் துணித்துண்டு வையுங்கள். நான்கு அடிக்கு மேற்பட்ட யன்னலில் மெல்லிய தடி நடுவில் தொய்யும். முன்பு இருந்தவர்கள் மரநிலையில் கொழுக்கி விட்டுப் போயிருந்தால் அதில் திரைச்சீலைக் கம்பியை இழுப்பதே சுகம்.

துணிக்கு மருதமுனைக் கைத்தறியை விடப் பொருத்தமானதைத் தேடத் தேவையில்லை. யன்னல் 4 அடி அகலமென்றால் துணியின் மொத்த அகலம் 8 அடியாவது வேண்டும், இல்லாவிட்டால் இழுத்து மூடும்போது விரித்த பாய்போல் தட்டையாக நிற்கும். பருத்தி சுருங்கும், தைக்கமுன் ஒருமுறை நனைத்துக் காயவிடுங்கள். கீழ்மடிப்புக்கு 3 அங்குலம் விட்டு, அதற்குள் துருப்பிடிக்காத வொஷர்களைத் தைத்துவிட்டால் கச்சான் காற்றிலும் திரை முகத்தில் அடிக்காது. வலைக்கு கட்டும் ஈயக்குண்டு மலிவுதான், ஆனால் வேண்டாம்: துவைக்கிற கைக்கும் சின்னப்பிள்ளையின் வாய்க்கும் ஈயம் போகும்.

சுவருக்கு நிறம் வேண்டுமென்றால், கஞ்சி பூசித் துணி ஒட்டும் முறையை இணையத்தில் பார்த்திருப்பீர்கள். வறண்ட ஊர்களில் அது சரிவரலாம். இங்கே ஒரு மாரி போதும், கஞ்சியில் பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் வரும். ஸ்டிக்கர் வால்பேப்பருக்கும் டேப்பின் கதைதான். அதற்குப் பதிலாக, ஏற்கெனவே இருக்கும் இரண்டு ஆணிகளுக்கு இடையில் மூங்கில் தடியைக் கட்டி, துணியைச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் தொங்கவிடுங்கள். பின்னால் காற்று போக வேண்டும். பழைய ஆணியானாலும், "அண்ணன், இந்த ரெண்டு ஆணியிலயும் ஒரு தடி கட்டட்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். ஓட்டு வீடென்றால் கூரை வளையில் கயிறு சுற்றிப் பூச்சட்டி, கூடை தொங்கவிடலாம். யன்னல் கம்பியில் எஸ் கொக்கி போடும்போது அடியில் துணி சுற்றாவிட்டால் பெயின்ட் சுரண்டுப்படும்.

தரைக்குப் பன்பாய் நல்லது. நிலத்தின் ஈரத்தை அது அடைத்து வைக்காது. மழைநாளில் சுருட்டி வைத்து, வெயில் வந்ததும் காயப்போட்டால் போதும். வினைல் விரிப்பதென்றால் பசை போடாமல் விரித்து, மாரியில் கிழமைக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கிக் காற்று விடுங்கள். வினைலின் மேல் றப்பர் அடியுள்ள கால்மிதி போடாதீர்கள், மஞ்சள் கறை படிந்தால் போகாது.

விளக்கு: வயரிங்கில் கை வைக்க வேண்டாம். ஹோல்டரின் வளையத்தைக் கழற்றி, கடதாசிக் கூட்டை இடையில் வைத்து மூட்டினால் அறை மாறிவிடும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், எல்.இ.டி பல்ப் மட்டும் போடுங்கள்.

கழற்றும் நாளில் அவசரப்படக்கூடாது. வால் உள்ள ஒட்டுப்பட்டியைச் சுவரோடு ஒட்டியபடி கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள், உங்களை நோக்கி இழுக்காதீர்கள். டபுள் டேப்பை ஹெயார் டிரையரால் சூடாக்கி, பின்னால் தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) விட்டு இருபக்கமும் அறுப்பதுபோல் இழுத்தால் கழன்று வரும். மிச்சப் பசையை விரலால் உருட்டி எடுங்கள். தேங்காய் எண்ணெய் டைல்ஸுக்குச் சரி. பெயின்ட் சுவரில் பட்டால் அந்த எண்ணெய்க் கறைக்குத் தனியாகப் பெயின்ட் வாங்க வேண்டிவரும்.