பல்க் டீசர்ட் ஆர்டருக்கு ரேட் போடறது எப்படி: ஒரு கொழிஞ்சாம்பாறை கணக்கு

ஃபோன எடுத்தா மொத கேள்வியே "ஐநூறு பீஸ் எடுத்தா எவ்ளோ கொறப்பீங்க"ன்னுதான் வருது. துணி என்ன, எத்தன கலரு, பின்னாடி பிரிண்ட் உண்டா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம டீசர்ட் பிரிண்ட் கடை தமிழ்நாடு பார்டர ஒட்டி கேரளா பக்கம் கொழிஞ்சாம்பாறையில இருக்கறதால பேரமும் ரெண்டு பாஷையில நடக்கும். பொள்ளாச்சிக்காரரு "பாத்து போடுங்கண்ணா"ம்பாரு, சித்தூர் பக்கத்து கிளப் பசங்க "சேட்டா, ரேட் கொறச்சு தரணம்"ம்பாங்க. திருப்பூர் பக்கம்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அங்க காதர்பேட்டை மார்க்கெட்ல பிளெய்ன் டீசர்ட் என்ன வெலைக்கு கெடைக்குதுன்னு கூட்டத்துல ஒருத்தராவது விசாரிச்சுட்டுத்தான் வந்திருப்பாரு.

மொதல்ல நான் வாங்குன அடியச் சொல்லிடறேன். ஒரு ஓணம் சீசன்ல 600 பீஸ் ஆர்டர், பீஸுக்கு 6 ரூபா நிக்கும்னு வாயக் குடுத்துட்டேன். 3600 ரூபா வருதேன்னு சந்தோஷம் வேற. வேல நாலு நாள் இழுத்துச்சு. அந்த நாலு நாள்ல 20 பீஸ், 30 பீஸ்னு வந்த சின்ன ஆர்டர் அஞ்சாறு திருப்பி அனுப்பினேன், அதுல எல்லாம் பீஸுக்கு 60, 65 நிக்கும். ராத்திரி நோட்ட எடுத்து எழுதிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, பெரிய ஆர்டர்னு தூக்கி வெச்சது கடையோட நல்ல நாலு நாளத் தின்னுட்டுப் போயிருச்சு.

அதுலருந்து ரேட் கேட்டா நான் பாக்கற மொத விஷயம், இந்த வேல என் டேபிள எத்தன நாள் புடிக்கும், ஒரு நாளுக்கு கையில என்ன நிக்கும்ங்கறதுதான். பீஸ் கணக்கு அதுக்கப்புறம்.

ஒரு ஆர்டர முழுசாப் போட்டுப் பாப்போம். தொகையெல்லாம் ஒரு உதாரணத்துக்கு, உங்க ஊர் வெலைய நீங்க போட்டுக்கோங்க. 300 பீஸ், கருப்பு ரவுண்ட் நெக், துணி கனம் 180 ஜிஎஸ்எம், முன்னாடி வெள்ளையும் மஞ்சளும், முதுகுல வெள்ளை மட்டும். கருப்புத் துணிமேல மஞ்சள நேரா அடிச்சா செத்த கலரா தெரியும், அடியில வெள்ளை போட்டு, ஃபிளாஷ் பண்ணி (சூட்டுல லேசா காய வெச்சு) மேல மஞ்சள் போடோணும். கலருக்கு ஒரு ஸ்கிரீன் (மை எறங்கற வலைச் சட்டம்), ஆக முன்னாடி ரெண்டு ஸ்கிரீன், பின்னாடி ஒண்ணு. பீஸுக்கு டீசர்ட் 135, திருப்பூர்லருந்து கொண்டு வர 3, இங்க், அத சூட்டுல புடிக்க வெக்கற கியூரிங் கரண்ட் எல்லாம் சேத்து 8, மடிச்சு கவர் போட 3. ரெண்டு ஆள் ரெண்டு நாள், ஆளுக்கு 800ன்னா கூலி 3200, பீஸுக்கு 11 கிட்ட. அந்த ரெண்டு ஆள்ல ஒருத்தன் நான், எனக்கும் கூலி எழுதிக்கறேன். நெறைய பேரு தன் கூலிய விட்டுட்டு அதத்தான் லாபம்னு சொல்லிட்டிருக்காங்க. ஸ்கிரீன் ஒண்ணு 350ன்னா மூணுக்கு 1050, பீஸுக்கு மூணரை. வீணாப் போறதுக்கு 3 பர்சென்ட், அதாவது 9 டீசர்ட், அதுக்கு பீஸுக்கு 4. கூட்டுனா 167 ரூபா 50 பைசா. இது 168ன்னு வெச்சுக்கோங்க, இதுக்குக் கீழ போனா நம்ம பாக்கெட்லருந்து எடுத்துக் குடுக்கறோம்.

இன்னும் வாடகை, மெஷின் லோன், ஃபோன் எல்லாம் இருக்கு. மாசம் 30,000, வேல நடக்கற நாள் 24ன்னா ஒரு நாளுக்கு 1250, ரெண்டு நாளுக்கு 2500, பீஸுக்கு எட்டு ரூபா சொச்சம். மொத்தம் 176.

இப்ப லாபம். 15 பர்சென்ட் வேணும்னு 176 மேல 15 பர்சென்ட் ஏத்துனா 202 வரும், ஆனா விக்கற வெலையில அது 13 பர்சென்ட்தான். நெசமா 15 நிக்கோணும்னா 176ஐ 0.85ஆல வகுக்கோணும், 207. பீஸுக்கு 31, 300 பீஸுக்கு 9300, நாளுக்கு 4650. இது நல்ல ஆர்டர்.

அங்கதான் கஸ்டமர் "10 பர்சென்ட் கொறச்சுப் போடுங்க, என்ன இப்ப"ம்பாரு. கேக்கறதுக்குச் சின்னதா இருக்கும். 207ல 10 பர்சென்ட் போனா 186, நம்ம 31 ரூபா லாபம் 10 ரூபாயாயிரும், மூணுல ரெண்டு பங்கு ஒரே வார்த்தையில போச்சு. அதே 9300 பாக்கோணும்னா 900 பீஸ் அடிக்கோணும், அப்ப நாளும் ரெண்டு கிடையாது, ஆறு. மார்ஜின் கம்மியா இருக்கற தொழில்ல டிஸ்கவுண்ட்ட வெலையோட ஒப்பிட்டுப் பாக்கக்கூடாதுங்க, லாபத்தோட ஒப்பிட்டுப் பாக்கோணும்.

சரி, பீஸ் கூடுனா எதுதான் கொறையுது? டிசைன் வேல, ஸ்கிரீன், கலர் செட் பண்றது, இவ்ளோதான். இதெல்லாம் சேத்து 1500ன்னு வெச்சா 50 பீஸுக்கு தலைக்கு 30, 100 பீஸுக்கு 15, 300க்கு 5, 1000க்கு ஒண்ணரை. அதனால 50க்கும் 100க்கும் நடுவுல நல்லாவே கொறைக்கலாம், 300க்கு மேல கொறைக்க நம்மகிட்ட ஒண்ணுமே இல்ல, பிளெய்ன் எடுக்கற எடத்துல வெல கொறஞ்சா மட்டும்தான். ஆயிரம் பீஸ்னா பாதி வெலைக்கு வரும்னு நெனைக்கறவங்களுக்கு இந்தக் கணக்க அப்படியே பேப்பர்ல எழுதிக் காட்டிருவேன், சண்டை போடறதுக்கு அது மேல்.

இத்தன பீஸ் வரைக்கும் இந்த ரேட்டுன்னு ஸ்லாப் ரேட் போட்டு ஒட்டுறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க. 99 வரைக்கும் 220, 100லருந்து 205ன்னா 99 பீஸ் 21,780, 100 பீஸ் 20,500. ஒரு பீஸ் கூட வாங்குனா 1280 கம்மி. 95 கேக்கறவங்ககிட்ட நாமளே "100ஆ எடுத்துக்கோங்க"ன்னு சொல்லிட்டா நல்ல பேராவது மிஞ்சும், அவங்களே கண்டுபுடிச்சா திருடன்னு நெனைப்பாங்க.

ஸ்கிரீனா, இல்ல ஃபிலிம்ல பிரிண்ட் எடுத்து சூட்டுல துணில ஒட்டற டிடிஎஃப்பாங்கறதும் ரேட்ட மாத்தும். டிடிஎஃப்ல ஸ்கிரீன் செலவு இல்ல, ஆனா பத்து பீஸானாலும் ஆயிரமானாலும் தலைக்கு அதே காசு. மேல சொன்ன டிசைனுக்கு டிடிஎஃப் பிரஸ் பண்ற கூலியோட 45 ஆகுதுன்னா, ஸ்கிரீன்ல இங்க்கும் கூலியும் 19, வித்தியாசம் 26. ஸ்கிரீன் செலவு 1050ஐ 26ஆல வகுத்தா 40. 40 பீஸுக்குக் கீழ டிடிஎஃப், மேல ஸ்கிரீன். ஃபோட்டோ மாதிரி பல கலர் டிசைன், ஆளுக்கொரு பேரு நம்பர்னா இந்தக் கணக்கு ஓடாது, டிடிஎஃப்தான், பேருக்குத் தனியா காசு வாங்குங்க. ஒவ்வொரு பேரையும் ஸ்பெல்லிங் பாத்து, சைஸ் பாத்து எடுத்து வெக்கறதுல ஒரு மத்தியானம் போயிரும்.

கஸ்டமர் பட்ஜெட் 185தான்னு அடிச்சுச் சொன்னா நான் ரேட்ட கொறைக்கறதில்ல, சாமானக் கொறைக்கறேன். 180க்குப் பதிலா 160 ஜிஎஸ்எம், முதுகு பிரிண்ட் வேண்டாம், மஞ்சள எடுத்துட்டு வெள்ளை மட்டும், கவர் இல்லாம மூட்டையா தர்றேன், இல்லேன்னா பத்து நாள் டைம் குடுங்க நடுவுல சும்மா இருக்கற நாள்ல முடிச்சுத் தர்றேன். கடைசில சொன்னதுக்கு மட்டும் நான் நெசமாவே எறங்கி வருவேன். டேபிள் சும்மா கெடந்தாலும் அந்த 1250 போய்ட்டேதான் இருக்கும், அதனால ஆர்டர் இல்லாத மழை நாள்ல 168க்கு மேல எது வந்தாலும் வரவுதான். ஓணம், கோயில் திருவிழா, ஸ்கூல் தெறக்கற சமயம், தேர்தல் இதுல எல்லாம் 176க்கு பத்து பைசா கீழ கெடையாது. 2021ல கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் ஏப்ரல் 6ன்னு ஒரே நாள்ல ஓட்டு, அந்த மாதிரி சமயம் பார்டர்ல இருக்கறவனுக்கு ரெண்டு பக்க கட்சி ஆர்டரும் ஒண்ணா வந்து விழும், அப்ப கம்மி ரேட்டுக்கு ஒத்துக்கிட்டா அவ்ளோதான்.

டேக்ஸ். 2025 செப்டம்பர் 22லருந்து 2500 ரூபா வரைக்கும் இருக்கற துணிக்கு 5 பர்சென்ட் ஜிஎஸ்டி, நம்ம டீசர்ட்டெல்லாம் அதுக்குள்ளதான். கொட்டேஷன்ல "ஜிஎஸ்டி தனி"ன்னு எழுதலேன்னா 207க்குள்ளயே டேக்ஸுன்னு அவரு சொல்லுவாரு, நம்ம 31ல பத்து ரூபா போச்சு. பார்டர்காரங்களுக்கு இன்னொண்ணு: வருஷத்துக்கு 40 லட்சத்துக்குக் கீழ வியாபாரம், ஜிஎஸ்டி ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்னு இருக்கறவங்க இங்கருந்து பொள்ளாச்சிக்கு பில் போட்டு சரக்கு அனுப்ப முடியாது, வெளி மாநிலத்துக்கு சரக்கு வித்தா ரிஜிஸ்ட்ரேஷன் எடுத்தே ஆகோணும், சின்ன வியாபாரிங்களுக்கான காம்போசிஷன் ஸ்கீம்ல இருந்தாலும் முடியாது. கோபாலபுரம் பார்டர் தாண்ட ரொம்ப நேரம் ஆகாது, ஆனா சட்டத்துக்கு அது வெளி மாநிலம். சரக்கு 50,000க்கு மேல போனா, அத எடுத்துட்டுப் போறதுக்கு ஆன்லைன்ல எடுக்கற இ-வே பில்லும் வேணும். ஆடிட்டர்கிட்ட ஒரு தடவ கேட்டுட்டு அந்த செலவையும் ரேட்ல சேத்துக்கோங்க.

அட்வான்ஸ் பாதின்னு எல்லாரும் சொல்லுவாங்க. நம்ம ஆர்டர்ல பிளெய்னுக்கே 135, அதாவது வெலையில மூணுல ரெண்டு பங்கு, பாதி வாங்குனா மீதிய நாம கடனா போடறோம். அதனால பிளெய்ன் காசு முழுசா கைக்கு வராம நான் திருப்பூருக்கு ஃபோன் போடறதில்ல. கம்பெனி ஆர்டர்னா அட்வான்ஸ் தர மாட்டாங்க, அங்க உத்யம் (சின்னத் தொழிலுக்கான அரசாங்கப் பதிவு) ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர பில்லுல போடுங்க, எழுத்துல எத்தன நாள்னு ஒப்புக்கிட்டாலும் 45 நாளுக்குள்ள பணம் தரோணும்னு சட்டம் இருக்கு, எழுத்தே இல்லேன்னா 15 நாள். எதுக்கும் அந்த 45 நாள் வட்டிய ரேட்ல ஏத்திட்டுத்தான் சொல்லோணும்.

கொட்டேஷனுக்கு ஏழு நாள் கெடு எழுதுங்க. 2022ல நூல் வெல ஏறுனப்ப திருப்பூரே ஸ்ட்ரைக் பண்ணுச்சு, அப்ப போன மாசத்து ரேட்டுக்கு ஒத்துக்கிட்டவங்க பாடு சொல்ல வேண்டியதில்ல.

கஸ்டமரே டீசர்ட் கொண்டு வந்து "பிரிண்ட் மட்டும் போடுங்க"ன்னா 3 பர்சென்ட் வரைக்கும் வீணானா நான் பொறுப்பில்லன்னு எழுதி வாங்கிட்டு தொடுங்க, 12 ரூபா கூலிக்கு அடிச்சுட்டு 250 ரூபா டீசர்ட் வாங்கிக் குடுத்தா எப்படி கட்டுபடி ஆகும். பிளெய்ன் நாம எடுத்தா அஞ்சாறு சேத்தே எடுங்க, "நாலு பேரு விட்டுப் போச்சு"ன்னு பின்னாடி கண்டிப்பா வருவாங்க, அப்ப வேற லாட்ல எடுத்தா கருப்பே ரெண்டு கருப்பா இருக்கும். அந்த நாலுக்கு மட்டும் பழைய 207 கெடையாது, ஸ்கிரீன கழுவாம வெச்சிருந்தாலும் டேபிள்ல திரும்ப செட் பண்ற நேரம் அதேதான்னு ஆர்டர் எடுக்கறப்பவே சொல்லிருங்க.