ஜப்பானிய போனில் ‘மொஷி மொஷி’: எங்கே சொல்லலாம், எங்கே கூடாது

அனிமே பார்த்து ஜப்பானிய மொழிக்கு வந்தவர்களுக்கு ‘மொஷி மொஷி’ முதல் நாளே தெரிந்திருக்கும். போனில் நாம் சொல்லும் ‘ஹலோ’தான். ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்தான ஹிரகானாவை வாசிப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: உச்சரிப்பு. நான்கு எழுத்தும் குறில். தயவுசெய்து ரோமன் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். குறில் நெடில் குழம்பிவிடும். தமிழில் எழுதினால் ‘மொ’ வேறு, ‘மோ’ வேறு என்று கண்ணிலேயே தெரியும். ஒலியைக் கேட்க ஃபோர்வோ தளம் போதும். தாய்மொழிக்காரர்களே பேசிப் பதிந்திருக்கிறார்கள்.

படி 2: வேர். ‘மோஸு’ என்றால் பணிவாகச் சொல்லுதல். அதிலிருந்து வந்த ‘மோஷி’ ஒருவரைக் கூப்பிடும் சொல்லாக இருந்தது. 1890 டிசம்பர் 16 அன்று தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே தொலைபேசிச் சேவை தொடங்கியது. அந்தப் பழைய விளிதான் குறுகி, இரட்டித்து, போனுக்கே உரியதாக நிலைத்தது. நரிப் பேயால் இரண்டு தடவை சொல்ல முடியாது, அதனால்தான் இரட்டைச் சொல் என்று ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு. எனக்குப் பிடித்த கதை, ஆனால் கதைதான்.

படி 3: வீடு, நண்பர்கள். தாராளமாகச் சொல்லுங்கள்.

படி 4: அலுவலகம். நான் நெடுநாள் தடுமாறிய இடம் இது. அலுவலக போனை எடுத்ததும் ‘மொஷி மொஷி’ சொன்னால் மரியாதைக் குறைவு. சுருங்கிய சொல் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. ‘ஹை’ (ஆம்) என்று எடுத்து, நிறுவனத்தின் பெயரோடு ‘தெஸ்’ (‘இன்னார்’ என்று முடிக்கும் சொல்) சேர்க்க வேண்டும். அடுத்து ‘ஒஸெவ நி நத்தெ ஒரிமஸ்’. உங்கள் ஆதரவில் இருக்கிறோம் என்பது போன்ற வணக்கம் அது. முதல் தடவை பேசுபவரிடமும் சொல்வார்கள், யோசிக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் அழைத்தால், உங்கள் பெயருக்குப் பின் ‘தொ மோஷிமஸ்’, அதாவது ‘என்று பணிவாகச் சொல்கிறேன்’. கவனித்தீர்களா? குட்டிச் சொல் விலக்கப்பட்ட இடத்தில் அதன் தாய்ச்சொல் முழு மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் மனப்பாடமே வேண்டாம்.

முடிக்கும்போது ‘ஷித்ஸுரே ஷிமஸ்’, மன்னிக்கவும், விடைபெறுகிறேன் என்பது போல. பொதுவாக அழைத்தவர்தான் முதலில் வைப்பார்.

பின்சேர்க்கை: குரல் சரியாகக் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நண்பரிடம் ‘மொஷி மொஷி, கிகொஎரு?’ (கேட்கிறதா?) போதும். வாடிக்கையாளரிடம் ‘ஒதென்வ க தோய் யோ தெஸ்’, அதாவது போன் தொலைவில் இருப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லுங்கள். பழி போனுக்குப் போய்விடும். அவர் குரலைக் குறை சொன்னதாக ஆகாது.