ஸ்விஃப்ட் பிள்ளைக்கறி கேட்டாரா? அங்கதம் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

எம்.ஏ. ஆங்கில இலக்கிய விடைத்தாள் ஒரு கட்டு திருத்தி முடித்தேன். ஆண்டுகளைக் குழப்புவது, டிரைடன், போப் என்ற இரு கவிஞர்களை மாற்றிப்போடுவது எல்லாம் போகட்டும். அங்கதத்தை, அதாவது குத்திக்காட்டும் எழுத்தை (satire), படிப்பதில் மாணவனாக நான் அடித்த அதே கூத்தை இவர்களும் அடிப்பதுதான் பொறுக்கவில்லை.

பேசுகிறவனை எழுத்தாளன் என்று நம்புவது

ஐரிஷ் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1729-இல் டப்ளினில் வெளியிட்ட 'ஒரு பணிவான யோசனை' என்ற பிரசுரம், அயர்லாந்தின் வறுமை தீர ஏழைகளின் ஒரு வயதுக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்குக் கறியாக விற்கச் சொல்கிறது. "ஸ்விஃப்டின் மனம் கல்லாகிவிட்டது" என்று அன்றைக்கு ஒரு பக்கம் எழுதினேன். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல் எழுதியிருந்தார்: "பேசுவது யார்?" பக்கத்தில் ஒரு முட்டை.

பேசுவது, கணக்குப் போட்டே நாட்டைச் சீராக்கிவிடலாம் என்று நம்பும் ஓர் ஆசாமி. மொத்தம் 1,20,000 குழந்தைகள். இனம் பெருக 20,000 போதும், மிச்சத்தை விற்றுவிடலாம். அந்த 20,000-இல் ஆண்கள் கால் பங்கு இருந்தால் போதுமாம், ஆடு மாடுகளுக்கு அவ்வளவுகூட விடுவதில்லையாம்! அந்தக் குரல் கடைசிவரை பதறுவதே இல்லை. பதற வேண்டியது படிக்கிற நாம்.

சரி, ஸ்விஃப்ட் எங்கே? முடிவுக்குச் சற்று முன்னால் பாருங்கள். வெளியூரில் இருந்துகொண்டு குத்தகை வாங்கும் நிலக்காரர்களுக்கு வரி போடுவது, உள்நாட்டுத் துணியையே உடுத்துவது, இதையெல்லாம் என்னிடம் பேசாதீர்கள் என்று ஆசாமி தள்ளிவிடுகிறான். உள்நாட்டுத் துணிக்காக ஸ்விஃப்ட் 1720-லேயே தனிப் பிரசுரம் போட்டிருந்தார்; அச்சடித்தவர் மீது வழக்குத்தான் வந்தது. ஆசாமி தள்ளிவிட்ட பட்டியலில்தான் ஸ்விஃப்ட் இருக்கிறார்.

பரீட்சையில் போனது எனக்கு மதிப்பெண்தான். எழுத்தாளர் டேனியல் டீஃபோவுக்கு உடம்பே மாட்டிக்கொண்டது. 1702-இல், மாற்றுச் சபையினரை (இங்கிலாந்துத் திருச்சபையில் சேராத புராட்டஸ்டண்டுகளை) ஒழித்துக்கட்டச் சொல்லும் வெறியன் குரலில் ஒரு பிரசுரம் எழுதினார். அவரே மாற்றுச் சபைக்காரர். நிஜமென்றே நம்பிக் கொண்டாடியவர்கள் உண்டு. குட்டு உடைந்ததும் 1703-இல் லண்டனில் மூன்று நாள் தண்டனைக் கட்டையில் கழுத்தையும் கையையும் மாட்டி ஊர் பார்க்க நிறுத்தினார்கள்.

அங்கதம் என்றால் சிரிப்பு

அங்கதத்தை வெளிப்படையாகச் சொன்னால் வசை, மறைத்துச் சொன்னால் பழிகரப்பு என்கிறது தொல்காப்பியம். சிரிப்பு எங்கே வந்தது?

"நோக்கம்: சமூகத்தைத் திருத்துவது"

டிரைடனும் 1681-இல் குற்றங்களைத் திருத்துவதே அங்கதத்தின் நோக்கம் என்றுதான் எழுதினார். அதற்கு முன்பே 'மாக் ஃபிளெக்னோ' என்ற கவிதையில் ஷாட்வெல் என்ற சக எழுத்தாளருக்கு மந்தபுத்தி ராஜ்யத்தின் மகுடத்தைச் சூட்டியவரும் அவரே. ஷாட்வெல்லைத் திருத்தவா? பழைய கடுப்பு, அப்புறம் அபாரமான செய்யுள்.