பழைய பக்கத்திலிருந்து ஒரு மறைப்புக் கவிதை

அச்சிட்ட பக்கத்தில் வேண்டிய சொற்களை விட்டுவைத்து, மற்றவற்றைக் கறுப்பு மையால் மூடிக் கவிதையாக்குவதை மறைப்புக் கவிதை எனலாம். மொரீசியசில் தமிழ் வீடுகளில் இதற்குத் தாள் கிடைப்பது கடினமன்று: தைப்பூசக் காவடி அறிவிப்பு, சென்ற ஆண்டுப் பஞ்சாங்கம், மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் உருவாக்கிய பழைய தமிழ்ப் பாடநூல் என எதுவும் பயன்படும். அறிவிப்பில் முருகன் படம் இருந்தால் அதை முதலில் வெட்டியெடுத்துவிடுங்கள். தெய்வப் படத்தின்மேல் மை படுவதை வீட்டுப் பெரியவர்கள் பொறுக்கமாட்டார்கள். அரிய பக்கமாயின் நகலெடுத்து அதில் வேலை செய்யுங்கள். ஏற்கெனவே கவிதை நடையில் உள்ள பக்கத்தைவிட, வறண்ட உரைநடையே நல்ல சொற்களைத் தருகிறது என்பது என் கருத்து.

பக்கத்தை வரிவரியாகப் படிக்காமல் கண்ணை மேயவிட்டு, பிடித்த பெயர்ச்சொல் ஒன்றைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அடுத்து உடனே வினைமுற்றைத் தேடுங்கள். பிரெஞ்சு நாளிதழை வைத்துச் செய்பவருக்குச் சிறு இணைப்புச் சொற்கள் தனித்தனியே கிடைக்கும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டியிருப்பதாலும், செய்தவர் யார் என்பதை வினையின் விகுதியே காட்டிவிடுவதாலும், வினையைக் கடைசிக்குத் தள்ளினால் அதுவரை சேர்த்த சொற்கள் அதனோடு இசையாமல் போகும். "வந்தோம்" என்ற ஒரு சொல் கிடைத்துவிட்டால் எழுவாய்க்கு அலைய வேண்டியதில்லை.

சொல்லின் ஒரு பகுதியையும் மறைக்கலாம். "மழையில்" என்பதன் கடைசி இரண்டெழுத்தை மூடினால் "மழை" நிற்கும். ஆனால் "கடலில்" என்பதில் அவ்வாறு கடைசியை மூடினால் "கடல்" கிடைக்காது. அங்கே "ல்" இகரத்தோடு கூடி "லி" ஆகிவிட்டது. ஆகவே அலை, இலை, மலை என ஐகாரத்தில் முடியும் பெயர்களே இவ்வேலைக்கு மிகவும் இணங்குகின்றன. தனியெழுத்துகளைப் பொறுக்கிச் சொல் கோப்பவர்களும் உண்டு. எனக்கு அது குறுக்கெழுத்துப் புதிராகவே தோன்றுகிறது.

சொற்கள் மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் படிக்கும்படி அமையட்டும். அவ்வாறு அமையாவிட்டால், 1892இல் வெளிவந்த ஆங்கில நாவல் ஒன்றின் பக்கங்களில் 1966 முதல் வண்ணம் தீட்டிவந்த ஓவியர் டாம் பிலிப்ஸ் செய்ததுபோல, ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கு மெல்லிய வெள்ளைத் தடம் விட்டு வாசிப்பவரின் கண்ணை நடத்தலாம்.

மை பூசுமுன் பக்கத்தின் அடியில் தடித்த அட்டை வையுங்கள், ஏனெனில் மார்க்கர் மை மெல்லிய தாளில் ஊடுருவும். தேர்ந்த சொல்லைச் சுற்றி நுண்முனைப் பேனாவால் வேலியிட்டு, பின்னரே அகலமுனையால் நிரப்புங்கள். மேலே ஏறும் இகர வளைவுக்கும் கீழே இறங்கும் உகரச் சுழிக்கும் இடம் விட வேண்டும். புள்ளி மறைந்தால் "க்" என்பது "க" ஆகிவிடும். மை நன்கு காய்ந்தபின் பென்சில் கோடுகளை அழித்துவிடுங்கள்.