வாடைக் காலத்தில் பனிமலைக்கு: திருகோணமலையிலிருந்து முதல் பனிச்சறுக்குப் பயணம்

சோளகம் ஓய்ந்து வாடை தொடங்கிவிட்டால் நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் வேலை குறைந்துவிடும். விருந்தினர் விடுதி நடத்துபவருக்கும் படகு விடுபவருக்கும் கை ஓய்வாகும் அதே மாதங்கள்தான் வடக்கு நாடுகளில் பனிச்சறுக்குப் பருவம். ஆக, நாட்கள் நமக்குத் தானாகவே பொருந்திவருகின்றன. பொருந்தாதது உடம்பு. கடல் மட்டத்தில், வெயிலில், செருப்போடு வளர்ந்த கால் ஒரே நாளில் பனியில் இறுக்கமான பிளாஸ்டிக் சப்பாத்துக்குள் போகப்போகிறது. அதனால் முதல் பயணத்தில் பேர்போன மலையைத் தேடிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். சப்பாத்து, பாடம், காப்புறுதி, இந்த மூன்றிலும் போடுங்கள். முதல் மூன்று நாளும் நீங்கள் நிற்கப்போவது நூறு மீற்றர் நீளமுள்ள ஒரு சிறு சரிவில். அந்தச் சரிவு சுவிஸின் செர்மாட்டிலும் ஒன்றுதான், காஷ்மீரின் குல்மார்க்கிலும் ஒன்றுதான்.

எங்கே, எப்போது

நடைமுறையில் இரண்டு வழி. சொந்தக்காரர் இருக்கும் நாடு ஒன்று, காஷ்மீரின் குல்மார்க் மற்றது.

சுவிஸில் அண்ணனோ மச்சாளோ இருந்தால் தங்குமிடச் செலவு பாதியாகிவிடும், குளிர் உடுப்பும் இரவல் கிடைக்கும். ஆனால் நத்தார் முதல் புதுவருடம் வரையும், பெப்ரவரியில் அங்குள்ளவர்கள் ‘ஸ்போர்ட்பேரியன்’ என்று சொல்லும் பாடசாலை விடுமுறையிலும் விலை ஏறும், வரிசையும் நீளும். அந்த விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு வாரத்தில் வரும், சொந்தக்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பொங்கலை ஊரில் முடித்துவிட்டு ஜனவரி மூன்றாம் வாரத்தில் இறங்குவது நல்ல கணக்கு. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தால் டிசம்பரில்தான் போக முடியும் என்றால் தாழ்வான மலைகளை நம்பாதீர்கள். சரிவு 1,800 மீற்றருக்கு மேலே இருக்கவேண்டும். லூசேர்னிலிருந்து ரயிலில் ஒரு மணிக்குள் போகக்கூடிய எங்கெல்பெர்க் ஓர் எடுத்துக்காட்டு: ஊர் 1,000 மீற்றரில் இருந்தாலும் புதியவர்கள் பழகும் துரூப்ஸே ஏறத்தாழ 1,800 மீற்றரில். கனடா என்றால் ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் கொலிங்வுட் பக்கத்து புளூ மவுண்டன். சின்ன மலைதான். முதல் தடவைக்கு அதுவே தாராளம்.

குல்மார்க் சிறீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீற்றர். ஊர் ஏறத்தாழ 2,650 மீற்றர் உயரத்தில். அங்குள்ள கொண்டோலாவின் (கம்பிவடத்தில் தொங்கிப் போகும் பெட்டி) இரண்டாம் கட்டம் அப்பர்வத் மலையில் 3,900 மீற்றரையும் தாண்டிப் போகும். மேலே சமப்படுத்தாத பனி, பனி சரிந்து விழும் அபாயம்: அது தேர்ந்தவர்களின் இடம். உங்களுக்கு ஊரின் நடுவிலுள்ள மேடுகள் போதும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய இ-விசா கிடைக்கும். 2024 ஜனவரியில் மாதக் கடைசிவரை குல்மார்க் பனியில்லாமல் கிடந்தது. ஆகையால் ஜனவரி கடைசியிலிருந்து பெப்ரவரி நடுப்பகுதிவரை நாள் குறியுங்கள். இன்னொன்று: சென்னையிலோ டெல்லியிலோ வாங்கிய பிரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது. வீட்டாருக்கு முன்பே சொல்லிவிடுங்கள், பயந்துபோவார்கள்.

சரிவு எவ்வளவு கடினம் என்று காட்டும் நிறங்கள் நாட்டுக்கு நாடு மாறும். சுவிஸில் நீலம்தான் ஆக எளிது, பிறகு சிவப்பு, கறுப்பு. கனடாவில் எளிது பச்சை வட்டம், நீலச் சதுரம் நடுத்தரம். சுவிஸில் நீலத்தில் பழகியவர் அதே நம்பிக்கையில் கனடா நீலத்தில் இறங்கினால் பாதியில் மாட்டிக்கொள்வார்.

கடதாசி வேலை

சுவிஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி 15 நாளுக்குள் முடியாது. சாதாரணமாக 15 நாளில் முடிவு வரும், 45 நாள்வரை இழுக்கவும் கூடும். ஜனவரிப் பயணம் என்றால் ஒக்டோபருக்கு முன்பே கொழும்பில் நேர ஒதுக்கீடு வாங்கிவிட வேண்டும். கடவுச்சீட்டு நீங்கள் திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக இருக்கவேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். சுவிஸில் உள்ள உறவினரிடம் பொறுப்பேற்புப் பத்திரம் கேட்கப்படலாம். அதில் அவர் 30,000 பிராங் வரை பொறுப்பேற்கிறார். சும்மா ஒரு கையெழுத்து என்று சொல்லி வாங்கக்கூடாது. விண்ணப்பத்தில் உறவினரைப் பார்க்கப் போவதாக எழுதிவிட்டு எல்லா இரவுக்கும் மலையில் ஹோட்டல் பதிவைக் காட்டினால் கேள்வி வரும். ‘10 நாள் சித்தப்பா வீடு, 4 நாள் மலை’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். விசா கைக்கு வரும்வரை இரத்துச் செய்தால் பணம் திரும்பும் பதிவுகளை மட்டும் போடுங்கள்.

காப்புறுதியில்தான் பலர் வழுக்குவது. ஷெங்கனுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பு வேண்டும். அதற்கென்று விற்கும் மலிவான பத்திரங்கள் பலவற்றில் பனிச்சறுக்கு விலக்குப் பட்டியலில் கிடக்கும். விசாவுக்கு அது செல்லும், உடைந்த காலுக்குச் செல்லாது. ‘குளிர்கால விளையாட்டு’ சேர்ந்திருக்கிறதா, மலையிலிருந்து ஹெலிகொப்டரில் மீட்கும் செலவு அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள். குல்மார்க் போகிறவர்கள் காஷ்மீர்ப் பகுதியே விலக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

வாடை மழையில் கந்தளாய், ஹபரணைப் பக்கம் வெள்ளம் வீதியை மறிப்பது புதிதல்ல. விமானத்துக்கு முதல்நாளே புறப்பட்டு நீர்கொழும்பில் தங்குங்கள்.

சப்பாத்து

வாடகைக் கடையில் அரைமணி நேரம் பொறுமையாக இருந்தால் மூன்று நாள் தப்பும். பனிச்சறுக்குச் சப்பாத்தின் அளவு சென்ரிமீற்றரில். வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள்: குதிக்காலைச் சுவரோடு ஒட்டி நில்லுங்கள், நீளமான விரல் முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 26.3 வந்தால் உங்கள் அளவு 26.5. இரண்டு காலையும் அளவுங்கள், ஒன்று பெரிதாக இருக்கும்.

செருப்பே போட்டுப் பழகியவர்களின் பாதம் முன்பக்கம் விரிந்திருக்கும். சாதாரணச் சப்பாத்து பக்கவாட்டில் நெரிக்கும். உடனே ‘ஒரு அளவு பெரிசு தாங்க’ என்று கேட்பதுதான் வழக்கமான பிழை. நீளம் கூடினால் குதிக்கால் உள்ளே எழும்பும், பாதம் நீந்தும், நீங்கள் காலைத் திருப்பினாலும் சறுக்குப் பலகை திரும்பாது, நகம் கறுக்கும். அதே நீளத்தில் அகலமானது கேளுங்கள். சோதிப்பது இப்படி: உள்ளுறையை வெளியே எடுத்து, வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் முட்டும்படி நில்லுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் சரி. பிறகு உள்ளுறையோடு போட்டு நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கத்தைத் தொடும், முழங்காலை மடக்கினால் பின்வாங்கும். நிமிர்ந்து நின்று ‘விரல் முட்டுது’ என்று கழற்றி எறிகிறவர்கள் அநேகம். மடக்கிப் பாருங்கள்.

காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால்வரை நீளமானது. குளிருக்கு இரண்டு போட்டால் மடிப்பு அழுத்தி இரத்த ஓட்டம் குறையும், கால் இன்னும் குளிரும். உள்காற்சட்டையின் ஓரமும் சப்பாத்துக்குள் போகக்கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் அது அழுத்தும் வலி மத்தியானத்துக்குள் தெரியும். கொக்கிகளில் கணுக்காலுக்கு மேலுள்ளவற்றை முதலில் இறுக்குங்கள், விரல் பக்கம் தளர்வாக இருக்கட்டும்.

பலகை நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்ட உயரம். சப்பாத்தைப் பலகையில் பிடிக்கும் பூட்டை அமைக்கக் கடைக்காரர் எடை, உயரம், வயது, எவ்வளவு பழக்கம் என்று கேட்பார். வெட்கப்பட்டு எடையைக் குறைக்கவோ ‘கொஞ்சம் தெரியும்’ என்று பொய் சொல்லவோ வேண்டாம். பூட்டு இறுகினால் விழும்போது கழலாது, முழங்கால் திருகும். தளர்ந்தால் ஓடும்போதே கழன்றுவிடும். தலைக்கவசத்தையும் அங்கேயே எடுங்கள். கண்ணாடி போடுபவர்கள் அதற்கு மேலால் அணியக்கூடிய கொகிள்ஸ் (பனிக்கான கண்மூடி) கேட்கவேண்டும்.

உடுப்பும் உடம்பும்

உள்ளே வியர்வையை வெளியேற்றும் மெல்லிய துணி, நடுவில் ஃபிளீஸ் என்னும் மெத்தென்ற செயற்கைத் துணி, வெளியே நீர் புகாத ஜாக்கெட்டும் காற்சட்டையும். பருத்தி பெனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு மலையேற்றும் லிஃப்டில் காற்று படும்போது ஐஸாகும். வீட்டில் கிடக்கும் பொலியெஸ்டர் உதைபந்தாட்ட ஜேர்சி உள்ளுடுப்பாக நன்றாகவே வேலை செய்யும். ஜீன்ஸ் அறவே கூடாது. நுவரெலியா பேல் பஜாரில் குளிர் ஜாக்கெட்டுகள் மலிவு. லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஒரு குவளை தண்ணீரை ஊற்றிப் பார்த்தாலும் கடைக்காரர் கோபிக்கமாட்டார். கையுறை இரண்டு சோடி வேண்டும். முதல் நாள் விழுந்து விழுந்து ஒரு சோடி நனைந்துபோகும்.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தைக் கட்டுநாயக்கவிலேயே விட்டுவிடுங்கள். புதுப் பனி புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். கீழிருந்து வரும் வெயில் அது. மூக்குத் துவாரத்தின் அடியிலும் நாடிக்குக் கீழும் களிம்பு பூசவேண்டும். உதட்டுக்குத் தனியாக.

2,500 மீற்றருக்கு மேலே உயர நோய் வரலாம். குல்மார்க்கில் முதல்நாள் சும்மா நடந்து திரியுங்கள், தண்ணீர் குடியுங்கள், கொண்டோலாவில் உச்சிக்குப் போகவேண்டாம். தலையிடியோடு சத்தியும் வந்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 91 பாகையிலேயே கொதித்துவிடும், சோறு வேக நேரமெடுக்கும் என்பது சமைத்துச் சாப்பிடும் அறை எடுப்பவர்களுக்கு.

நீரிழிவுள்ளவர்கள் கவனிக்கவேண்டியது: இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும், உருகிய பின்னும் பாவிக்கக்கூடாது. விமானத்தில் அதைக் கைப்பையில் கொண்டுபோங்கள். சரிவில் உடம்போடு ஒட்டிய உள்பொக்கெற்றில் வையுங்கள், பையின் வெளி அறையில் அல்ல. சீனி பார்க்கும் கருவி குளிரில் வேலை செய்யாமல் போகலாம், அதையும் உள்ளேயே வையுங்கள். புது உடலுழைப்பில் சீனி திடீரென இறங்கும். நாலு டொபி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஆறு வாரம் முன்பே தொடையைப் பழக்குங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் நிற்பது: 30 வினாடியில் தொடங்கி 90 வரை. கோணேசர் கோயில் ஏற்றத்தில் இறங்கும்போது மெதுவாக இறங்குங்கள். பனியில் வேலை செய்வது இறங்கும் தசைதான்.

சரிவில்

குழுப் பாடம் குறைந்தது மூன்று அரைநாள். சொந்தக்காரத் தம்பி நன்றாகச் சறுக்குவார் என்பதற்காக அவரை ஆசிரியர் ஆக்காதீர்கள். அவர் உங்களை நேரே மேலே கூட்டிப்போவார். முதல் நாளுக்கு முழு மலைச் சீட்டு வாங்குவது வீண். புதியவர்களின் மேட்டில் மேலே ஏற்றிவிடுவது நகரும் பாய்தான், அதற்குத் தனியாக மலிவுச் சீட்டு இருக்கும், சில இடங்களில் இலவசம்.

முதலில் பலகைகளின் நுனியைக் கிட்டச் சேர்த்து, வால்பக்கத்தை அகட்டி, தலைகீழ் ‘வி’ போல நிறுத்தப் பழக்குவார்கள். அதுதான் பிரேக். வேகம் கூடினால் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் பலகையின் முன்பகுதி பனியை விட்டு எழும்பும், பிரேக் பிடிக்காது, இன்னும் வேகமாகும். முழங்காலை மடக்கி, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு சப்பாத்தின் முன்நாக்கை அழுத்தும்படி நில்லுங்கள். விழுந்தே ஆகவேண்டும் என்றால் பக்கவாட்டில் இருந்துவிடுங்கள், கையை ஊன்றாதீர்கள். எழும்பும்போது இரண்டு பலகையும் சரிவுக்குக் குறுக்கே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எழும்பிய கையோடு ஓடத் தொடங்கும். சரிவில் மேலே இழுத்துச் செல்லும் டி வடிவக் கம்பியில் உட்காரக்கூடாது, அது இழுக்கத்தான்.

கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. மேலிருந்து வருபவர்தான் விலகவேண்டும். இளைப்பாற ஓரத்தில் நில்லுங்கள், மேட்டுக்குப் பின்னால் மறைவில் நிற்காதீர்கள். யாராவது விழுந்து கிடந்தால் அவருக்கு மேல்பக்கத்தில் இரண்டு பலகையைப் பெருக்கல் குறிபோல் நட்டுவிட்டு உதவி கூப்பிடுங்கள். சுவிஸில் மலை மீட்பு 1414, ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பொது அவசர எண் 112. குளிரில் கைபேசி மின்கலம் சட்டென்று இறங்கும், அதுவும் உள்பொக்கெற்றில்.

பின்னேரம் மூன்று மணிக்கு மேல் பனி கட்டியாகும், தொடை நடுங்கும். ‘கடைசியாக ஒருக்கா’ என்று மேலே போய்விட்டுக் கால் முடியாமல் போனால் கொண்டோலாவிலேயே இறங்குங்கள். ஏறும் சீட்டு பெரும்பாலும் இறங்கவும் செல்லும்.